ஸ்லாட் ரிசீவரைச் சந்தையில் தேடாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி பத்து ஆண்டு இடைவெளியில் ஒரே தவற்றை இரண்டு முறை செய்தது என்பது என் உறுதியான கருத்து. 2013 மார்ச்சில் தன் ஸ்லாட் ரிசீவர் வெஸ் வெல்கரைப் போகவிட்டது. 2023 மார்ச்சில் அதே இடத்தில் ஆடிய ஜகோபி மேயர்ஸைப் போகவிட்டது. இரண்டு முறையும் அந்த இடத்துக்குப் பெரும் பணம் கொடுத்து வெளியிலிருந்து ஒருவரை அழைத்துவந்தது. முதல் முறை, அணிக்குள்ளேயே நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த ஒருவர் கைகொடுத்தார். இரண்டாம் முறை அப்படிக் காத்திருந்து கனிந்தவர் எவருமில்லை. புதிய ஸ்லாட் ரிசீவர் எங்கே கிடைப்பார் என்ற பேச்சு ரசிகர்களிடையே எழும்போதெல்லாம் இந்த இரண்டு மார்ச் மாதங்களும் என் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துப் பழகாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம் தருகிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பருத்த வீரர்கள் அரணாக நிற்பார்கள். மைதானத்தின் இரு ஓரங்களிலும் பந்தைப் பிடிக்க ரிசீவர்கள் நிற்பார்கள். அந்த அரணுக்கும் ஓரத்து ரிசீவருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஸ்லாட். ஓரத்தில் நிற்பவருக்கு எல்லைக்கோடு ஒரு பக்கத்தை அடைத்துவிடுகிறது; ஸ்லாட்டில் நிற்பவரோ இடப்பக்கமும் திரும்பலாம், வலப்பக்கமும் திரும்பலாம். அந்தச் சுதந்திரத்துக்கு அவர் கொடுக்கும் விலையும் பெரிது. அவர் ஓடிச் செல்லும் நடுக்களத்தில்தான் எதிரணியின் தற்காப்பு வீரர்களான லைன்பேக்கர்களும் சேஃப்டிகளும் காத்திருக்கிறார்கள். பந்து கைக்கு வந்த அதே நொடியில், தன்னைவிட இருபது முப்பது கிலோ கூடுதல் எடை கொண்ட ஒருவர் விலாவில் வந்து மோதுவார் என்று தெரிந்துகொண்டே அவர் கையை நீட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த இடத்துக்கு ஆள் தேடுவது வீண். ஓரத்து ரிசீவர் ஓடும் பாதை பெரும்பாலும் முன்கூட்டியே முடிவானது. ஸ்லாட் ரிசீவருக்குப் பாதையின் பின்பாதியை எவரும் வரைந்து கொடுப்பதில்லை. மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க இன்னும் ஆறு யார்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஐந்தாறு யார்டு நேராக ஓடுகிறார். தன்னைக் காப்பவர் உள்பக்கமாக நின்றால் வெளியே வெட்டித் திரும்ப வேண்டும். வெளிப்பக்கமாக நின்றால் உள்ளே திரும்ப வேண்டும். எதிரணி ஆளைக் காக்காமல் பகுதி பிரித்துக் காக்கும் சோன் முறையில் நின்றால், இரண்டு பேருக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் சட்டென நின்று முகத்தைத் திருப்ப வேண்டும். இதற்கு ஆப்ஷன் ரூட் என்று பெயர். குவார்ட்டர்பேக் அவர் திரும்பும் வரை காத்திருக்க முடியாது, ஏனென்றால் அவருக்குக் கிடைப்பதே இரண்டரை நொடிதான். ஆகவே, ரிசீவர் என்ன முடிவெடுப்பார் என்பதை அவரும் அதே கணத்தில் முடிவுசெய்து, ஆள் இன்னும் வந்துசேராத இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுகிறார். இருவரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தால் ஏழு யார்டு. வேறு வேறு முடிவுக்கு வந்தால் பந்து எதிரணியின் கையில்.

பேட்ரியட்ஸின் ஊரான ஃபாக்ஸ்பரோவில் அணியின் கோடைப் பயிற்சி முகாமை ரசிகர்கள் இலவசமாகப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் காலையில் நான் அங்கே மேட்டுப்புறத்தில் அமர்ந்திருந்தபோது, சட்டை எண்ணைக் கொண்டும் அடையாளம் தெரியாத ஓர் இளம் ரிசீவர் இந்த ரூட்டை ஓடினார். முதல் முறை அவர் உள்ளே திரும்பினார். பந்து வெளியே போய்ப் புல்லில் விழுந்தது. குவார்ட்டர்பேக் அவர் அருகே நடந்துவந்து, தன் வலக்கையைக் காப்பாளராகவும் இடக்கையை ரிசீவராகவும் பாவித்து, காப்பாளரின் தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று காட்டினார். இரண்டாம் முறை அவர் சரியாகத் திரும்பினார், ஆனால் அரை நொடி தாமதம். பந்து முழங்கையில் பட்டுத் தெறித்தது. மூன்றாம் முறை அவர் கழுத்தைத் திருப்பும்போதே பந்து மார்புக்கு நேரே வந்து நின்றது. மொத்தம் மூன்று எறிகள், ஆறு யார்டு. மற்றவர்களுக்கு அது சலிப்பான காட்சியாக இருந்திருக்கலாம். எனக்கு, இந்த ஆட்டத்தில் பணத்தால் வாங்க முடியாத பகுதி இதுதான் என்று அன்றைக்குத் தெளிவாயிற்று.

திறமையானவரை அழைத்துவந்தால் இதை விரைவில் கற்றுக்கொள்ள மாட்டாரா என்று கேட்பவர்களுக்கு 2011 ஐ நினைவூட்டுவேன். அந்த ஆண்டு சாட் ஓச்சோசின்கோ பேட்ரியட்ஸுக்கு வந்தார். சின்சினாட்டியில் ஆடியபோது, சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌல் ஆட்டத்துக்கு ஆறு முறை தேர்வானவர். தனித்து ஓடி ஆளை ஏமாற்றுவதில் அவருடைய தலைமுறையில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே. பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த பந்துகளில் அந்தப் பருவம் முழுவதும் அவர் பிடித்தவை 15 மட்டுமே. அவர் ஸ்லாட் வீரர் அல்லர் என்பது உண்மை. ஆனால் பார்த்து முடிவெடுத்து ஓடும் முறைக்கு ஒரு பெரிய வீரரே இவ்வளவு தடுமாறினால், அந்த முறையின் மையத்திலேயே நிற்க வேண்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி வெல்கரின் கதைக்கு வருகிறேன். 5 அடி 9 அங்குல உயரமுள்ள அவரை, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2004 இல் எந்த அணியும் எடுக்கவில்லை. சான் டியேகோ சார்ஜர்ஸ் சேர்த்துக்கொண்டு, பருவத்தின் முதல் ஆட்டம் முடிந்ததும் விடுவித்தது. மயாமி டால்ஃபின்ஸ் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் மயாமியின் கிக்கருக்குக் காயம் ஏற்பட்ட ஓர் ஆட்டத்தில், பந்தை வாங்கி ஓடும் வேலையோடு, கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பும் ஃபீல்டு கோலை 29 யார்டிலிருந்து உதைத்ததும் வெல்கர்தான். எதிரே நின்ற அணி பேட்ரியட்ஸ். ஒரே பிரிவில் ஆண்டுக்கு இரண்டு முறை மோதும் அணி என்பதால் பேட்ரியட்ஸின் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அவரை நேரடியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். 2007 இல் டிராஃப்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு வாய்ப்பு ஒன்றையும் ஏழாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் மயாமிக்குக் கொடுத்து அவரை வாங்கினார். அடுத்த ஆறு பருவங்களில் வெல்கர் 672 கேட்ச்கள் பிடித்தார். அவற்றில் ஐந்து பருவங்களில் நூற்றுப்பத்துக்கு மேல். இவரும் வெளியிலிருந்து வந்தவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், வந்தவர்தான். ஆனால் வேறோர் அணியில் நட்சத்திரமாகி, அதற்கான விலை உச்சத்தில் இருந்தபோது வந்தவர் அல்லர். வளர வேண்டிய பருவத்தில் வந்து, இங்கேயே வளர்ந்தவர்.

2012 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக, பட்டத்தை முடிவுசெய்யும் சூப்பர் பௌல் ஆட்டத்தில், ஏறத்தாழ நான்கு நிமிடம் மீதமிருந்தபோது, கைக்கு எட்டிய ஒரு பந்தை அவர் நழுவவிட்டார். 21-17 என்று தோற்றோம். அந்த ஒரு பந்தை வைத்து அவரை எடைபோடுபவர்களோடு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. அந்த எறி அவருடைய பின்தோளுக்கு வந்தது, உடலை முறுக்கிக்கொண்டு பிடிக்க வேண்டிய பந்து அது. அதற்கடுத்த பருவத்திலும் அவர் 118 கேட்ச்கள் பிடித்தார். இருந்தும் 2013 இல் இரண்டு ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் என்ற ஒப்பந்தத்தில் அவர் டென்வருக்குப் போய்விட்டார்.

அவருடைய இடத்துக்கு பேட்ரியட்ஸ் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில், சுமார் 3 கோடி டாலருக்கு அழைத்துவந்தது டேனி அமெண்டோலாவை. வெல்கர் படித்த அதே டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம், அதே ஸ்லாட் இடம், அதே போல டிராஃப்டில் எவரும் எடுக்காத வீரர். அச்சில் வார்த்தது போன்ற மாற்று என்று எல்லோரும் எண்ணினோம், நானும் எண்ணினேன். பஃபலோவில் முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காயம் ஏற்பட்டது.

அப்போது முன்னே வந்தவர் ஜூலியன் எடல்மன். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 2009 டிராஃப்டின் ஏழாம் சுற்றில் 232 ஆவது வீரராக எடுக்கப்பட்டார். ரிசீவராக ஆட அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. முதல் நான்கு பருவங்களில் அவருடைய கேட்ச்கள் 37, 7, 4, 21. மொத்தம் 69 தான். இடையில், எதிரணி உயர உதைக்கும் பந்தைப் பிடித்து ஓடும் பன்ட் ரிட்டர்ன் வேலையைச் செய்தார். 2011 இல் தற்காப்பில் ஆள் பற்றாக்குறை வந்தபோது கார்னர்பேக்காகவும் நிறுத்தப்பட்டார். 2013 இல் அவரை வாங்க வேறு அணிகள் வரிசையில் நிற்கவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய ஓராண்டு ஒப்பந்தத்தில் இங்கேயே தொடர்ந்தார். அந்தப் பருவத்தில் 105 கேட்ச்கள், 1,056 யார்டு. நான்கு ஆண்டுகளில் பிடித்ததைவிட ஒரே ஆண்டில் அதிகம். அந்த நான்கு ஆண்டுகளும் வீணானவை என்று எவர் சொல்ல முடியும்? பிரேடியின் பார்வையைத் தன் பார்வையாக்கிக்கொள்ள அவர் எடுத்துக்கொண்ட காலம் அது. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்துக்கும் மரத்தில் பழுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2015 பிப்ரவரியில் சியாட்டிலுக்கு எதிரான சூப்பர் பௌலின் நான்காம் காற்பகுதியை நான் எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். கோல் கோட்டின் அருகே எடல்மன் உள்ளே மூன்று அடி வெட்டி ஓடி, குதிகாலில் சுழன்று வெளியே திரும்பினார். அவரைக் காத்த தரோல்டு சைமன் உள்ளேயே போய்விட்டார். எடல்மன் தனியாக நின்றார். பிரேடியின் எறி தலைக்கு மேலே போய்விட்டது. சில நிமிடங்கள் கழித்து, 24-21 என்று பின்தங்கியிருந்தபோது, மூன்று யார்டு தூரத்திலிருந்து அதே ரூட்டை மீண்டும் ஆடினார்கள். அதே சுழற்சி, அதே காப்பாளர். இம்முறை பந்து சரியாக வந்தது, கோல் கோட்டுக்குள் பிடித்த அந்த டச்டவுனோடு 28-24 என வென்றோம். முதல் முறை நழுவியதை எவரும் குறை சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பவும் அதையே ஆடலாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அட்லாண்டாவுக்கு எதிராக, மூன்று தற்காப்பு வீரர்களுக்கு நடுவே புல்லுக்குச் சில அங்குலம் மேலே அவர் பிடித்த பந்தும், 2019 சூப்பர் பௌலில் 10 கேட்ச் 141 யார்டோடு சிறந்த வீரராகத் தேர்வானதும் ஊரறிந்தவை.

அமெண்டோலாவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 2018 ஜனவரியில் ஜாக்சன்வில்லுக்கு எதிரான, சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான ஏஎஃப்சி இறுதி ஆட்டத்தில் நான்காம் காற்பகுதியில் அவர் போட்ட இரண்டு டச்டவுன்கள் இல்லாமல் நாங்கள் அந்த ஆண்டு சூப்பர் பௌலுக்குப் போயிருக்க முடியாது. ஆனால் கவனியுங்கள்: அதுவும் அவர் வந்து ஐந்தாம் ஆண்டில் நடந்தது.

2021 ஏப்ரலில் எடல்மன் ஓய்வு பெற்றார். அவருடைய வேலையைச் செய்ய அணிக்குள்ளேயே ஒருவர் அப்போது உருவாகியிருந்தார். ஜகோபி மேயர்ஸும் குவார்ட்டர்பேக்காகக் கல்லூரிக்கு வந்து ரிசீவராக மாறியவர். 2019 இல் டிராஃப்டில் எவரும் எடுக்காத நிலையில் பேட்ரியட்ஸுக்கு வந்தவர். 2021 இல் 83 கேட்ச், 866 யார்டு. மூன்றாவது டவுனில் குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ் முதலில் தேடிய முகம் அவருடையது. முதல் டச்டவுனுக்கு 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால் அவரை நம்மில் பலர் சாதாரணமாக எண்ணிவிட்டோம். அணியும் அப்படியே எண்ணியது என்று நினைக்கிறேன். 2023 மார்ச்சில் அவர் மூன்று ஆண்டு, 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் லாஸ் வேகஸ் ரைடர்ஸுக்குப் போனார். ஏறக்குறைய அதே நாளில், ஏறக்குறைய அதே தொகை வரை எட்டக்கூடிய ஒப்பந்தத்தில் பேட்ரியட்ஸ் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரைச் சேர்த்தது. அவர் அப்போதுதான் கான்சாஸ் சிட்டியோடு சூப்பர் பௌல் வென்று, 78 கேட்ச் பிடித்த பருவத்தை முடித்திருந்தார். இங்கே முதல் பருவத்தில் 29 கேட்ச், 260 யார்டு. 2024 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். மேயர்ஸோ 2024 இல் 1,027 யார்டு எடுத்தார்.

2023 இல் அணியின் குவார்ட்டர்பேக் நிலையே சீர்குலைந்திருந்தது. ஸ்மித்-ஷூஸ்டருக்கு முழங்கால் தொல்லையும் இருந்தது. பழியை அவர் ஒருவர் மேல் போடுவது நியாயமில்லை. என் ஆதங்கம் அவர்மேல் இல்லை. கான்சாஸ் சிட்டியில் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸோடு அவருக்கு இருந்த புரிதலையும் சேர்த்து வாங்கியதாக எண்ணிக்கொண்டோமே, அதில்தான் இருக்கிறது. அந்தப் புரிதல் ஒப்பந்தத்தோடு வருவதில்லை.

ஆகவே புதிய ஸ்லாட் ரிசீவரைத் தேடுவோர், டிராஃப்டின் மூன்றாம் நாளில், நான்காம் சுற்றுக்குப் பிறகு தேட வேண்டும் என்பது என் வேண்டுகோள். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர்களைப் பாருங்கள். தற்காப்பைப் படிக்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். பன்ட் ரிட்டர்ன் செய்பவர்களைப் பாருங்கள்; பதினொரு பேர் தன்னை நோக்கி ஓடிவரும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் துணிவு அவர்களிடம் இருக்கும். 40 யார்டு ஓட்டத்தை மறந்துவிட்டு, திசை மாற்றி ஓடும் 20 யார்டு ஷட்டிலைப் பாருங்கள். எடல்மன் அதை 3.92 நொடியில் ஓடியும் அணிகள் ஏழாம் சுற்று வரை அவரைக் காக்கவைத்தன. அப்படிக் கிடைத்தவருக்கு இரண்டு மூன்று ஆண்டு கொடுங்கள். அவர் கனிந்த பிறகு, அடுத்த வீட்டுப் பழத்துக்குக் கொடுக்கும் பணத்தை அவருக்கே கொடுங்கள்.

டெமாரியோ டக்ளஸ் 2023 இல் ஆறாம் சுற்றில், 210 ஆவது இடத்தில் வந்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம். அந்த மோசமான முதல் பருவத்திலேயே 561 யார்டோடு அணியில் முன்னின்றார். அடுத்த ஆண்டு 66 கேட்ச். டிரேக் மே 2024 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்ட இளம் குவார்ட்டர்பேக். வெல்கரையும் எடல்மனையும் வைத்து ஆட்டம் வகுத்த ஜாஷ் மெக்டேனியல்ஸ் 2025 இல் மீண்டும் தாக்குதல் பொறுப்பேற்றார். டக்ளஸோ, அவரைப் போல் பின்சுற்றில் வரும் இன்னொருவரோ, மேயோடு கோடைக் காலைகளில் ஆறு யார்டு ரூட்டை நூறு முறை ஓட வேண்டும். பந்து புல்லில் விழட்டும், முழங்கையில் தெறிக்கட்டும். நான் மீண்டும் அந்த மேட்டில் வந்து அமர்ந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன்.