சென்சாரைக் கழற்றும் முன் அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

"வெளியே போகும்போது லைட்டை அணைக்கவும்" என்று எழுதி ஒட்டாத ஆபீஸே கிடையாது. ஆனாலும் மாடிப்படி, கழிவறை, ஸ்டோர் ரூம் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. வேலை செய்கிறவர்களின் அலட்சியம் என்று நிர்வாகங்கள் சொல்வதை, மின் பராமரிப்பு வேலையில் இருக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. பொது இடத்து விளக்குக்கு யாரும் பொறுப்பில்லை. உள்ளே வேறு யாராவது இருப்பார்களோ என்று தயங்கியே பலர் அணைக்காமல் வருகிறார்கள். ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சார் முதலில் அங்கேதான் வேண்டும்.

எல்இடி போட்டாச்சே, இனி என்ன மிச்சம் என்று கேட்கிறார்கள். ஒரு கழிவறையில் 20 வாட் டியூப் நான்கு இருக்கிறது என்று வையுங்கள். நாள் முழுக்க எரிந்தால் வருஷத்துக்கு 700 யூனிட். ஆள் இருக்கும் நேரம் தினம் நாலு மணி என்றே வைத்தாலும் 580 யூனிட்டுக்கு மேல் வீண். அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது என்று கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம் சொந்தபந்தத்திலேயே இருக்கின்றன. அதை ஆளில்லாத அறையில் எரிப்பது எனக்கு வலிக்கிறது.

சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் எல்லா அறையிலும் சென்சார் மாட்டினார்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த அக்கா சொன்னார்: "தம்பி, மாசக் கடைசியில கணக்குல மூழ்கி இருக்கும்போது பொசுக்குனு அணைஞ்சிடுது. கையைத் தூக்கி ஆட்டினாத்தான் வருது." கொஞ்ச நாளில் அந்த சென்சாரை விட்டுவிட்டு லைட்டுக்கு டைரக்ட் கொடுத்துவிட்டார்கள். போட்ட பணம் போனதோடு, "சென்சார்னாலே தொல்லை" என்ற பேச்சும் நிலைத்துவிட்டது.

ஏணி போட்டு ஏறி மூடியைத் திறந்தால் பல சென்சார்களில் மூன்று சின்னத் திருகுகள் இருக்கும்: நேரம் (அசைவு நின்றபின் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது), வெளிச்சம், உணர்திறன். அந்த சேதராப்பட்டு கம்பெனியில் நேரத் திருகு வாங்கி வந்தபடியே குறைந்த பக்கத்தில், ஒரு நிமிடத்தில் கிடந்தது. யாரும் தொடவே இல்லை. மத்திய அரசின் 2017 எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பே ஆள் போன பிறகு 15 நிமிடம் வரை அவகாசம் தருகிறது. அப்படியிருக்க ஒரு நிமிடத்தில் அணைய வைப்பது யாருக்காக?

சாதாரண பிஐஆர் சென்சார், உடல் சூடு இடம் மாறுவதைத்தான் உணரும். அசையாமல் டைப் அடிப்பவர் அதற்குத் தெரியாமல் போகலாம். தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் தெரியவே மாட்டார். கத்திரி வெயிலில் ஷீட் கூரை குடோன் உடம்புச் சூட்டுக்கு நெருங்கிவிட்டால் அதன் திறனும் குறையும். அதனால் தடுப்புகள் உள்ள கழிவறைக்கு, சூட்டைப் பார்க்காமல் நுண்ணலையை அனுப்பி அசைவை உணரும் மைக்ரோவேவ் வகை நல்லது. உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையில் கையால் போட்டு, ஆள் போனால் தானாக அணையும் வகை போதும். பிரஸ், லேத் ஓடும் இடத்தில் ஆள் சென்சாரே கூடாது. கை உள்ளே இருக்கும்போது இருட்டானால் என்ன ஆகும்?

ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச்சாவது, பகல் வெளிச்சம் பார்த்து அணையும் சென்சாராவது கொடுங்கள். புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியில், சுவர் நீளத்துக்கும் திருப்பிவிடும் பலகைகள் வைத்து, வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டார்கள். அந்த வேலை 1930களிலேயே தொடங்கிவிட்டது. நாம் பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு டியூப் போடுகிறோம்.

உங்கள் ஆபீஸிலும் சென்சாரை விட்டுவிட்டு லைட்டுக்கு டைரக்ட் கொடுத்திருந்தால் எலக்ட்ரீசியனை ஒருமுறை ஏணியோடு கூப்பிடுங்கள். அந்த அறையில் உட்காருகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்குச் சரிவரும் நேரத்துக்குத் திருகைத் திருப்பச் சொல்லுங்கள்.