தலைப்பு வைத்தது நான்

இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் எங்கள் பேப்பரின் மூன்றாம் பக்கப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம், நிருபர் பெயருக்கு ஒரு அம்புக்குறி, நாலு சிரிக்கும் ஸ்மைலி. குடிநீர்க் கட்டண உயர்வுக்கு ஒப்புதல் என்கிறது தலைப்பு; உண்மையில் அது ஒத்திவைக்கப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு பொய் எழுதினார் என்று நிருபரைத் திட்டுகிறீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைப்பை வைத்தது நிருபரான அந்தப் பெண் இல்லை. நான்.

பத்திரிகையில் தலைப்பு வைப்பது நிருபர் வேலை இல்லை. செய்தி அனுப்புவதோடு சரி. தலைப்பு, பக்கம், வெட்டு, ஒட்டு எல்லாம் டெஸ்க்கில், அதாவது அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தியைத் திருத்திப் பக்கம் அமைக்கிறவர்கள் பாடு. எங்கள் பெயர் எங்கும் வராது. இந்த வசதி எனக்கு இத்தனை நாள் உறுத்தியதில்லை.

நடந்தது இதுதான். குடிநீர்க் கட்டண உயர்வுக்கு நகர்மன்றம் ஒப்புதல் என்று இரவு 8 மணிக்குச் செய்தி வந்தது. தலைப்பு வைத்துப் பக்கத்தில் ஏற்றியாயிற்று. மன்றக் கூட்டத்திலிருந்து மற்ற நிருபர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். 10.40-க்கு போன்: "சார், ஒத்திவைச்சுட்டாங்க. மாத்திடுங்க." 11 மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். செய்தியை மாற்றினேன். அதற்குள் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தது, அதற்கு இடம் விட ஆறு வரி வெட்டினேன். தலைப்பில் கை வைக்க மறந்துவிட்டேன்.

பிழை பிழைதானே என்பீர்கள். ஆமாம், பிழைதான். ஆனால் செய்தியின் முதல் வரியிலேயே 'ஒத்திவைக்கப்பட்டது' என்று இருக்கிறதே, வட்டம் போட்ட புண்ணியவான் ஒரு வரி கீழே இறங்கியிருக்கலாமே? அந்த ஊரிலேயே சரியான செய்தி கொடுத்த ஒரே ஆளைத்தான் "எவ்வளவு வாங்கினாய்" என்று கேட்கிறீர்கள். தலைப்பு வைத்தது நான். என்னைக் கேளுங்கள்.

பிழை திருத்த ஆள் இல்லையா? இருந்தார்கள், மூன்று பேர். கடைசி ஆள் ஓய்வு பெற்ற பிறகு அவர் நாற்காலியில் பழைய பேப்பர்க் கட்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, விளம்பரதாரர் என்றால் செய்தியை அமுக்குவதில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

"உள்ளூர்ப் பேப்பர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?" இதற்குப் பதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம், 40,000 பேர்கூட இல்லை. 1993-ல் ஆண்டுக்கு 72,000 டாலருக்குச் சேர்ந்த அதன் தலைமை நிர்வாகி, 2010-ல் ஏறக்குறைய 8 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். மன்றக் கூட்டத்தில் வாடிக்கையாகப் போய் உட்கார ஒரு நிருபர் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியே கொண்டுவரும்வரை ஊருக்கே தெரியாது. அந்த மாதிரிக் கூட்டத்தில்தான் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று. நீங்கள் பகிரும் படத்தில் மடிப்புக்கூட இல்லை. ஓசி பிடிஎஃப்! பேப்பரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டுத் திட்டினால்கூட மனசு இவ்வளவு வலிக்காது.

போன வருஷம் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து பழைய பேப்பர் ஐந்து பிரதி கேட்டார். மகள் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த படம், தபால்தலை அளவுதான் இருக்கும். நடுவிரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இனிஷியல் மட்டும் தப்பா போட்டிருக்கீங்க சார்" என்றார். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க, அவதான்னு எங்களுக்குத் தெரியாதா" என்று சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அந்த இனிஷியலும் என் கைங்கரியம்தான்.

அந்தப் பெண் நேற்று முழுக்க போனை அணைத்து வைத்திருந்தார். இன்று காலை வேறொரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார்.

திருத்தம் நாளை இரண்டாம் பக்கத்தில், கீழே வலது மூலையில் வரும். அதற்கும் ஒரு வட்டம் போட்டுப் பகிருங்கள், பார்க்கிறேன்.