ஒரு கணினி, இரண்டு சேவையகங்கள்

ஒரே கணினியில் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இரண்டு வலைச் சேவையகங்களையும் சேர்த்து ஓட்டுவதைப்போல் பொறுமையைத் தின்னும் வேலை வேறொன்றை நான் கண்டதில்லை. கோரிக்கைகள் வந்து சேரும் வாசல் எண்ணான போர்ட்டில், இரண்டுமே இயல்பாக 80ஆம் எண்ணைத்தான் கேட்கின்றன. முதலில் பிடித்துக்கொண்டது ஓடும், மற்றது முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை காட்டித் தொடங்க மறுத்துவிடும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அப்பாச்சியை 8080க்கு நகர்த்தி, 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் இயங்கும்படி செய்து, வருவோரை வாங்கிப் பின்னே அனுப்பும்படி முன்வாசலில் என்ஜின்எக்ஸை வைத்தால் அந்தச் சண்டை ஓயும்.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எல்லாக் கோரிக்கைகளும் என்ஜின்எக்ஸ் வழியாகவே போவதால், உலகின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் அப்பாச்சியின் பதிவுக்கோப்பில் 127.0.0.1 என்றே விழுகிறது. வந்தவரின் முகவரியைக் கோரிக்கையின் தலைப்பில் (header) வைத்து அனுப்பும்படி என்ஜின்எக்ஸில் ஒரு வரியும், அதை நம்பி ஏற்கும்படி அப்பாச்சியில் ரிமோட்ஐபி என்ற துணைநிரலுக்குச் சில வரிகளும் எழுதினால்தான், தாக்குபவர் யார், வாசகர் யார் என்று பிரித்தறிய முடிகிறது. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான 443ஆம் போர்ட்டில் வரும் குறியாக்கம் முன்வாசலிலேயே அவிழ்ந்துவிடுவதால், பின்னாலிருக்கும் தளம் தனக்கு வந்தது குறியாக்கமில்லாத வெறும் எச்டிடிபி என்று எண்ணி, எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகும்படி மீண்டும் மீண்டும் திருப்பியனுப்ப, உலாவி சுற்றிச் சுற்றிக் கடைசியில் கைவிட்டுவிடுகிறது.

சென்ற வாரம் 3 எம்பி படம் ஒன்று ஏறவில்லை என்று அரை நாள் முழுவதும் தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன். கோரிக்கை பிஎச்பி வரை வந்து சேரவே இல்லை. முன்வாசலின் இயல்பான 1 எம்பி வரம்பு, 413 என்ற பிழையோடு அதை அங்கேயே தடுத்திருந்தது. அந்த வரம்பை இப்போது நான் என்ஜின்எக்ஸ், பிஎச்பி என இரண்டு இடங்களில் எழுதி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இரண்டையும் ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது.