பால்கனி இருக்கு, விசா?

சேலத்தில் மத்தியதரைக்கடல் சொகுசுக் கப்பல் டூர் விற்பவர்கள் பால்கனி, பஃபே, சைவச் சாப்பாடு என்று நீட்டி முழக்குகிறார்கள். விசாவைப் பற்றி மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?

ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் குஷாதாசி போய், மறுபடி கிரேக்கத் தீவுக்குத் திரும்பினால் அது ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா செல்லாது. கப்பலில் ஏறவே விடமாட்டார்கள், கட்டிய லட்சங்கள் போச்சு! விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, துறைமுகம் வாரியாகத் தேதி போட்ட பயணத்திட்டத்தை இணைக்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். துருக்கிக்கு விசா தேவையா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். இதை முன்பணம் வாங்கும்போதே சொல்ல வேண்டாமா?

சின்னக் கப்பல் குறுகிய துறைமுகத்துக்குள்ளும் போகும் என்கிறார்கள், உண்மைதான், அந்தச் சுகமே தனி. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று விடாமல் அடிக்கும். சின்னக் கப்பல் கூடுதலாக ஆடும். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, படகில்தான் இறக்குவார்கள். அலை எழும்பினால் அந்த ஊரே ரத்து. அதற்காகக் கட்டணம் திரும்ப வரும் என்று நம்ப வேண்டாம். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ கேளுங்கள். அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கட்டும், ஆட்டம் அங்கேதான் குறைவு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுக்கே தலைசுற்றும் பெரியவர்களுக்கு, விலை அதிகம் என்பதற்காக மேல்தள முன்பக்க அறையைத் தலையில் கட்டுவது அநியாயம்.