அம்மம்மாவுக்கே தெரிந்ததற்கு ஆராய்ச்சி எதற்கு?

சின்னப் பிள்ளைகளின் மூளையில் திரை என்ன செய்கிறது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதியில் நாலு வருடம் ஆராயப் போகிறாள் என் பெறாமகள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழாவில் ஒரு பெரியவர் ஒலிவாங்கியில் பேசியதை இங்கே முழுவதும் எழுதப் போவதில்லை. வந்தவர்கள் கேட்டீர்கள், வராதவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். "சின்னப் பிள்ளையளுக்குப் போன் குடுக்கக் கூடாதெண்டு எங்கட அம்மம்மாவே சொல்லுவா, அதுக்கு நாலு வருசமும் வெள்ளைக்காரன்ர காசும் ஏன்?" என்ற அந்த ஒரு வரி போதும். மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். கழுத்தில் மாலையோடு மேடையில் நிற்பவள் வேறு என்ன செய்வாள்?

மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அம்மம்மாவுக்குத் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வயதில் கூடாது, எவ்வளவு நேரம் கூடாது, தாய் பக்கத்தில் இருந்து கதைத்தபடி காட்டினாலும் கூடாதா, கட்டாரில் இருக்கும் தகப்பனோடு பிள்ளை காணொளி அழைப்பில் கொஞ்சுவதும் அதே கணக்கில் சேருமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதே அறிக்கை, அந்தப் பரிந்துரைக்கு ஆதாரமான சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. உலகத்துக்கே அவ்வளவுதான் தெரியும். எங்கள் மண்டபத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

"அமெரிக்காவில் இதை எப்போதோ செய்துவிட்டார்களே" என்று படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். செய்தார்கள். சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையில் மூன்று முதல் ஐந்து வயது வரையான 47 பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் படமெடுத்து, திரைப் பயன்பாடு கூடிய பிள்ளைகளில் மொழிக்கும் வாசிப்புக்கும் உதவும் வெண்பொருளின், அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்புப் பாதைகளின், கட்டமைப்பு ஒழுங்கு குறைவாக இருந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். ஆனால் அது ஒரு பொழுதில் எடுத்த படம். திரைதான் அதைச் செய்ததா, அல்லது யாரும் பிள்ளையோடு கதைக்காத வீடு இரண்டுக்கும் காரணமா என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அதற்குத்தான் ஐயா நாலு வருசம்.

"மூளையை வெட்டிப் பாப்பாவோ" என்று அவளைப் பற்றி எழுந்த பகிடிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஆய்வில் பிள்ளை தாயின் மடியில் இருக்கும். தலையில் ஒரு தொப்பி போடுவார்கள். அதிலிருந்து வரும் அண்மை அகச்சிவப்பு ஒளி, மூளையின் மேற்பகுதி இரத்தத்தில் ஒட்சிசன் கூடுவதையும் குறைவதையும் காட்டும். வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் பத்தொன்பது ஆண்டுகளாக முன்பள்ளி நடத்துபவள். 2020 ஊரடங்கில் பிறந்தவர்கள் என்னிடம் வரத் தொடங்கிய ஆண்டில் ஒரு சிறுவன் வந்தான். இருபது வரை அமெரிக்க உச்சரிப்பில் எண்ணுவான், நிறங்களை எல்லாம் சொல்லுவான், தாகம் எடுத்தால் மட்டும் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பான், தண்ணீர் என்று சொல்ல வராது. அவனுக்கு என்ன என்று சொல்ல நான் வைத்தியர் அல்ல. ஆனால் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் பேசிக் காட்டிய அமெரிக்க ஆய்வொன்றில் பன்னிரண்டு அமர்வுகளில் அவர்கள் அதன் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள் என்றும், அதையே திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை என்றும் பெறாமகள் எனக்குச் சொன்னபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அது 2003இல் வெளிவந்த ஆய்வாம். பதினேழு வருடங்கள் கழித்துப் பிறந்தவனின் தாய்க்கு அதை யாரும் சொல்லவில்லை.

நான் பெரிய உத்தமி என்று நினைக்க வேண்டாம். 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்றபோது, மகளின் இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தவள் நானேதான். பற்றரி தீரும் வரை பார்த்தான். அந்த வெயிலில் வேறு எதைக் கொடுப்பது? கூடாது என்று எனக்கும் தெரிந்தே இருந்தது.

அந்த ஆய்வுக் காசில் இங்கே நாலு முன்பள்ளிக்குக் கூரை போடலாமாம் என்று இன்னொரு பேச்சு. அது அந்தப் பல்கலைக்கழகம் இந்த ஆய்வுக்கென்றே ஒதுக்கிய நிதி, ஓடாக மாற்றி இங்கே அனுப்ப முடியாது. என் முன்பள்ளிக்கு இதுவரை ஒரு வெண்கட்டிப் பெட்டிகூட வாங்கித் தராதவர்களுக்குத் திடீரென்று கூரை நினைவு வந்ததில் மகிழ்ச்சி. போன வருடம் இதே மண்டபத்தில் பொறியியல் ஆய்வுக்குப் போன தம்பியிடம், பாலம் கட்ட அப்பப்பாவுக்கே தெரியுமே என்று ஏன் எவரும் கேட்கவில்லை? சின்னப் பிள்ளை, தாய், மடி என்றால் அது படிப்பில்லை, பொம்பிளையளின் வேலை. என்னையும் இத்தனை காலம் "பிள்ளை பாக்கிற ரீச்சர்" என்றுதான் அழைத்தார்கள்.

விழாவுக்கு முதல் வாரம் அவள் என் முன்பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்து, "பெரியம்மா, பேர் சொல்லிக் கூப்பிட்டா எந்தப் பிள்ளையள் திரும்பிப் பாக்குறேல்ல, அவையள் வீட்டில ஆர் அவையளோட கதைக்கிறவை?" என்று கேட்கத் தொடங்கினாள். பிறகு என் அம்மாவிடமும், அதாவது அவளுடைய அம்மம்மாவிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். இரண்டு பேருடைய பதிலும் சேர்த்து அவளுடைய கொப்பியில் பதினொரு பக்கம் இருக்கிறது.