முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் சீட்டே போய்விடுமா?

"பொறியியல் கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், கீழே போட்ட மெக்கானிக்கலும் கைவிட்டுப் போகும். அதனால் கட்-ஆஃப் (இடம் கிடைத்த கடைசி மதிப்பெண்) குறைவான பிரிவையே முதலில் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் ஒதுக்கீடு தரவரிசைப்படி நடக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். 200-க்கு 172 மதிப்பெண் எடுத்த மாணவி ஒருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ், இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), மெக்கானிக்கல் என வரிசையாகப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் நிரம்பியிருந்தால் மூன்றாவது கிடைக்கும். மேலே இரண்டு போட்டதற்காக மெக்கானிக்கலில் அவருடைய இடம் பின்னுக்குப் போகாது.

உண்மையான ஆபத்து அந்தச் செய்தி சொல்லும் யோசனையில்தான் இருக்கிறது. மனசுக்குப் பிடிக்காத பிரிவை மேலே போட்டு, அதில் இடமும் இருந்தால் அதுவே ஒதுக்கப்படும். அதற்குக் கீழே உள்ள எதையும் கணினி பார்க்காது. நான்கு வருடம் படிக்கப்போவது பிள்ளைகள். சிவில்தான் ஆசை என்றால் சிவிலையே முதலில் போடட்டும். பட்டியலை நீளமாகப் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் டிஎன்இஏ இணையதளத்தில் வழிமுறைகளும் முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃபும் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் மாவட்ட உதவி மையத்தில் நேரில் கேளுங்கள். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.