மாமாவிடம் மணி கேட்டு மன்றாடிய என் மகள்

நேற்றிரவு மகளுடைய இங்கிலீஷ் கொப்பியைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

ஓ.எல். சோதினை எடுக்கிற பிள்ளை. 'விடுமுறையில் ஒரு நாள்' என்று கட்டுரை. மாமா வீட்டுக்கு மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் தாண்டிப் போனது, கடற்கரையில் விளையாடியது, எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு வசனம்: 'ஐ பிசோட் மை அங்கிள் த டைம்.'

'பிசீச்' என்றால் மன்றாடுவது, அதன் இறந்த காலம் 'பிசோட்'. அதாவது, நேரம் என்னவென்று மாமாவிடம் மன்றாடினாளாம். கையில் மணிக்கூடு கட்டிய மனுஷனிடம், மணி என்ன என்று கேட்க, காலில் விழாத குறை!

சரி, பிள்ளை பிழை விடும், அதற்குத்தானே ரியூசன். ஆனால் சேர் அந்த வசனத்தைத் திருத்தியிருக்கிற அழகைப் பாருங்கள். 'பிசோட்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'பிசீச்ட்' என்று எழுதி அரை மார்க் குறைத்திருக்கிறார். ஓரத்தில் 'குட் வேர்ட்' என்று ஒரு பாராட்டு வேறு. பிள்ளை சரியாகப் போட்ட ஒரே விஷயத்துக்கு வெட்டு, பிழையாகப் போட்டதற்குப் பாராட்டு.

சேரின் 'பிசீச்ட்' பிழை என்று சொல்லவரவில்லை, அதுவும் அகராதியில் இருக்கிறது. ஆனால் 'பிசோட்'தான் மூத்தது. தேடுவதற்கு இங்கிலீஷில் 'சீக்', இறந்த காலம் 'சோட்'. அந்தச் 'சீக்'கின் பழைய உருவம்தான் 'பிசீச்'சுக்குள் 'ச்' சத்தத்தோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'சோட்' என்றால் 'பிசோட்'. இதை அந்தப் பிள்ளை தானாகவே பிடித்திருக்கிறாள். அதைத்தான் வெட்டியிருக்கிறார்.

மறுகா, இந்தச் சொல் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கொப்பிக்குள் மடித்து வைத்த ஒரு போட்டோக்கொப்பித் தாள். 'ஆஸ்க்' சமன் 'ரிக்வெஸ்ட்' சமன் 'பெக்' சமன் 'என்ட்ரீட்' சமன் 'இம்ப்ளோர்' சமன் 'பிசீச்'. இடையில் எல்லாம் சமன் குறி. கணக்குப் பாடமா இது? இரண்டும் இரண்டும் நாலு என்பது போல, கேட்பதும் கெஞ்சுவதும் ஒன்றாம்.

சேருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் அண்ணன். கஷ்டமான சொல் போட்டா மார்க்ஸ் கூட வரும்" என்றார்.

ஒன்றா? காலையில் கடைக்குப் போய் "ஒரு ராத்தல் பாண் தாங்க" என்கிறேன். நாளைக்கு "ஒரு ராத்தல் பாணுக்காக உங்களை மன்றாடுகிறேன்" என்று சொன்னால் கடைக்காரர் பாண் தருவாரா, என் வீட்டுக்கு ஆள் அனுப்புவாரா? நாம் கேட்கிறோம், வேண்டுகிறோம், கெஞ்சுகிறோம், இரக்கிறோம், மன்றாடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரம் இருக்கிறது. 'தா' என்ற ஒரு சின்னச் சொல்லுக்கே தொல்காப்பியம் கணக்குப் பார்த்திருக்கிறது: தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. (உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்ற அந்தக் கணக்கில் எனக்குச் சண்டை உண்டு, அது வேறு கதை.) அந்த மொழியைப் பேசுகிற ஊரில் பிறந்து, ஆறு சொல்லுக்கு நடுவில் ஐந்து சமன் குறி போட எப்படி மனம் வந்தது?

இங்கிலீஷ்காரனும் இந்தப் 'பிசீச்'சைத் தேநீர்க் கடையில் புழங்கவில்லை. அங்கிலிக்கன் வழிபாட்டு மன்றாட்டில் வரும், 'ஆண்டவரே, எங்களைக் கேட்டருளும்' என்கிற இடத்தில். 1611ஆம் ஆண்டு பைபிளில் ரோமருக்கு எழுதும் பவுல் 'ஐ பிசீச் யூ' என்கிறார், அதே இடத்தில் நம்முடைய தமிழ் பைபிள் 'வேண்டிக்கொள்ளுகிறேன்' என்கிறது. 1650 ஆகஸ்டில் இங்கிலாந்துப் படைத்தலைவர் ஒலிவர் குரொம்வெல் ஸ்கொட்லாந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்திலும் இதே சொல்தான்: கிறிஸ்துவின் இரக்கத்தின் பேரால் மன்றாடுகிறேன், நீங்கள் பிழையாக இருக்கக்கூடும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நினைக்கவில்லை. அடுத்த மாதமே டன்பாரில் யுத்தம். இந்த வரியைச் சேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று இரண்டு தரம் யோசித்தேன். மகள் போனைப் பறித்துவிட்டாள்.

இம்ப்ளோருக்குள் அழுகை இருக்கிறது, அது லத்தீனில் அழுவதற்கான சொல்லிலிருந்து வந்தது. பெக்குக்குள் பிச்சைப் பாத்திரம் இருக்கிறது. என்ட்ரீட் கொஞ்சம் மரியாதை தெரிந்த கெஞ்சல். ரிக்வெஸ்ட், கந்தோருக்குப் போகிற கடிதம். ஆஸ்க் மட்டும்தான் மாமாவிடம் மணி கேட்கும்.

எனக்குக் கோபம் மார்க்கில் இல்லை. அரை மார்க் போனால் போகட்டும். மன்றாட்டம் என்றால் என்ன என்று தெரியாத ஊரா இது? வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி நடக்கும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கோபத்தில் இருக்கிற தாயைக் குளிரச் சொல்லி ஒரு ஊரே கேட்பது எப்படி இருக்கும் என்று. 1990இல் காணாமல் போன பிள்ளையைத் தேடி இராணுவ முகாம் வாசலில் நின்ற தாய்மாரிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் செய்ததுதான் பிசீச். அந்தச் சொல்லை எடுத்து மணி கேட்கப் பழக்குகிறார்கள், அதற்கு மாதாமாதம் நான் காசு கட்டுகிறேன்.

மகளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "விளங்குது அப்பா. ஆனா சோதினையில சேர் சொன்னதைத்தான் எழுதுவன்" என்றாள்.

இன்றைக்கு அடுத்த தாள் வந்திருக்கிறது. 'டை' சமன் 'எக்ஸ்பயர்' சமன் 'பெரிஷ்' சமன் 'கிக் த பக்கெட்', அதாவது மண்டையைப் போடுவது. வீட்டுவேலை: காலமான அதிபர் ஒருவரின் குடும்பத்துக்கு அனுதாபக் கடிதம் எழுதுக.